பொறிவண்டு டப்பா: வண்டுக்கு முழு மார்க், கூட வரும் நோட்டீஸுக்கு முட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மல்பெரியில் மாவுப்பூச்சியால் வரும் துக்ரா வந்து, கொழுந்தெல்லாம் சுருண்டு, பட்டுப்புழுவுக்கு எந்த இலையைப் போடுவது என்று முழிக்கிற நிலையில் இருந்தால், மாவுப்பூச்சியைத் தின்பதற்காக டப்பாவில் விற்கிற இந்தப் பொறிவண்டை வாங்குங்கள், காசு வீண் போகாது. அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் எல்லாவற்றுக்கும் இதே டப்பா போதும் என்று யாராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கியது ஓசூர் பக்கம் ஒரு சின்ன உற்பத்திக் கூடத்தில். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மல்பெரி வைத்திருப்பவர்கள் வாய்வழியாகத்தான் நம்பரைக் கைமாற்றிக்கொள்கிறார்கள், அதனால் நானும் பெயர் எழுதவில்லை. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், ஸ்டாக் என்று ஒன்று இருக்காது. பரங்கிக்காய் வாங்கி, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மருந்துத் தண்ணீரில் முக்கி, காயம் பட்ட இடத்தை மெழுகு வைத்து அடைத்து, அதன் மேல் மாவுப்பூச்சியை ஏற்றி, காய் முழுக்க வெள்ளையாகப் படர்ந்த பிறகு கூண்டுக்குள் வைத்து வண்டை விடுகிறார்கள். அது முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, புது வண்டு வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம். மாவுப்பூச்சியை ஒழிக்கிற வண்டை வளர்க்க முதலில் மாவுப்பூச்சியைச் சீராட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது, அந்த அறையைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

விலை வண்டு ஒன்றுக்கு மூன்று ரூபாய் கணக்கு. மல்பெரிக்கு மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் சொல்லும் அளவு ஏக்கருக்கு 250 வண்டு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவையாக விட வேண்டும். பஸ் பார்சல் செலவையும் சேர்த்துப் பார்த்தால்கூட மருந்தடிக்கிற ஆள் கூலிக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அதுவும் நமக்கு மருந்து என்பது சாதாரண விஷயமில்லை. தக்காளிக்காரர் அடித்துவிட்டு நாலு நாள் கழித்துப் பறிப்பார், நாம் அடித்த இலையைத் தின்கிறது பட்டுப்புழு, கொஞ்சம் எச்சம் இருந்தால்கூட ஒரு கிராப்பே போய்விடும். முன்பு துக்ராவுக்கு டைக்ளோர்வாஸ் அடித்துவிட்டுக் காத்திருந்து இலை பறிப்பார்கள். அந்த மருந்துக்கும் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை.

சரி, டப்பா. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் டப்பா, மூடியில் வலைத்துணி, உள்ளே நறுக்கிய காகிதம், ஓரத்தில் தேன் தடவிய ஒரு துண்டு. பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காற்றோட்டம் இருக்கிறது, வண்டு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. அடியில் கொஞ்சம் செத்துக் கிடந்தன. போன் போட்டுக் கேட்டதற்கு, "அதுக்குத்தான் அண்ணா, கணக்குக்கு மேலயே போட்டு அனுப்பறோம்" என்றார் அந்தத் தம்பி. எண்ணிப் பார்க்க முடியாது என்ற தைரியம்தான், ஆனாலும் பெரிதாக ஏமாற்றியதாகத் தெரியவில்லை.

பிரச்சினை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் ஆரம்பிக்கிறது. பளபளவென்று சிவப்பு வண்டு, முதுகில் ஏழு கரும்புள்ளி. உள்ளே இருப்பதோ நாலு மில்லிமீட்டர் நீளத்தில், முதுகு கருப்பு கலந்த பழுப்பு, தலையும் கழுத்துப் பக்கமும் ஆரஞ்சு, புள்ளி என்று ஒன்றுகூட இல்லை. பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, படத்துல ஒண்ணு, டப்பாவுல ஒண்ணு, டூப்ளிகேட்டு குடுத்துட்டானா?" என்றார். டூப்ளிகேட் இல்லை. உள்ளே இருக்கிற வண்டுதான் சரியான வண்டு, படம்தான் தப்பு. படத்தில் இருப்பது காக்சினெல்லா செப்டம்பங்டாட்டா, 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தது, முக்கியமாக அசுவினி தின்கிற வண்டு. உள்ளே இருப்பது கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியரி, மாவுப்பூச்சிக்காரன், சொந்த ஊர் கிழக்கு ஆஸ்திரேலியா. இரண்டும் பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு கிளை.

டப்பாவோடு வருகிற நோட்டீஸில் முதல் வரியே "பொறிவண்டு அனைத்துப் பூச்சிகளையும் உண்ணும்" என்கிறது. இதை எழுதியவர் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டார். உலகம் முழுக்க 6,000 வகைக்கு மேல் பொறிவண்டு இருக்கிறது. ஒரே அப்பாவுக்குப் பிறந்த நாலு பிள்ளைகளில் ஒருவன் கறிக்கடை வைத்திருப்பான், ஒருவன் கீரைக்கட்டு விற்பான், அந்த மாதிரிதான் இந்தக் குடும்பமும். செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் தின்கிற கூட்டம் உண்டு, அசுவினி தின்கிற கூட்டம் உண்டு, இலையைத் தின்கிற கூட்டம் உண்டு, பூஞ்சணத்தை மட்டும் மேய்கிற கூட்டமும் உண்டு. எந்தக் கூட்டத்தை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும்?

நம்பாதவர்கள் கத்தரித் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கிற அந்தப் புள்ளி வண்டும் அசல் பொறிவண்டுதான். எபிலாக்னா என்று கடையில் சொல்வார்கள், முழுப்பெயர் ஹெனோசெபிலாக்னா விகின்டிஆக்டோபங்டாட்டா, முதுகில் 28 புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். நோட்டீஸை நம்பி "பொறிவண்டு நல்லது" என்று கத்தரியில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி: அசுவினி தின்கிற வண்டுகளின் முதுகு எண்ணெய் தடவியதுபோல மின்னும், இதன் முதுகில் மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருக்கும். ஆனால் ரோமம் இருந்தாலே கெட்ட வண்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், டப்பாவுக்குள் இருக்கும் நம் கிரிப்டோலேமஸுக்கும் ரோமம் உண்டு. புழுவைப் பார்ப்பது இன்னும் சுலபம், எபிலாக்னா புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளாக இருக்கும்.

நம் மல்பெரியிலேயே இன்னொரு உறவுக்காரர் இருக்கிறார். இலையின் அடிப்பக்கம் சாம்பல் நோய் வந்த சமயத்தில் திருப்பிப் பாருங்கள், எலுமிச்சை மஞ்சளில், இறக்கையில் புள்ளி இல்லாமல் ஒரு வண்டு ஓடும். இல்லெய்ஸ் என்ற பேரினம். பூச்சியையும் தொடாது, இலையையும் தொடாது, அந்தச் சாம்பல் பூஞ்சணத்தை மேய்ந்துகொண்டிருக்கும். இதைப் பார்த்து மல்பெரிக்குப் புது நோய் கொண்டுவருகிற வண்டு என்று நினைத்து மருந்து தேடுகிறவர்களும் உண்டு.

இந்தக் குடும்பம் இத்தனை கூட்டமாக எப்படிப் பிரிந்தது, அதை யார் யார் எப்படி அடுக்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகிறேன், வண்டு வாங்க மட்டும் வந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் பிரான்சில் லாத்ரேய் என்ற ஆய்வாளர் வண்டுகளைப் பாதத்தில் எத்தனை கணு இருக்கிறது என்று எண்ணிப் பிரித்தார். பொறிவண்டுக்கு மூன்று கணு என்று எழுதிவைத்தார்கள். உண்மையில் நாலு, மூன்றாவது மிகச் சின்னதாக இரண்டாவதுக்குள் ஒளிந்திருக்கும். குடும்பத்துக்கு காக்சினெல்லிடே என்ற பெயர் 1807இல் அவர் வைத்ததுதான், இன்னும் நிற்கிறது. அப்புறம் லியோன் நகரத்து முல்சான், வாய்ப்பக்கம் இருக்கும் உணர்கொம்பின் கடைசிக் கணு கோடாலி வடிவத்தில் இருப்பதைப் பார்த்து அதை வைத்தே இவற்றுக்குப் பெயர் சூட்டினார். நம் கிரிப்டோலேமஸுக்குப் பெயர் வைத்தவரும் அதே முல்சான்தான். மான்ட்ரூசியரி என்பது நியூ கலிடோனியாவில் பூச்சி சேகரித்த மான்ட்ரூசியே என்ற பாதிரியாரின் பெயர். 1968இல் ஜப்பானின் சசாஜி குடும்பத்தை ஆறு துணைக்குடும்பமாகப் பிரித்தார், நம் வேளாண் பாடப்புத்தகங்கள் ரொம்ப நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. 2007இல் போலந்துக்காரர் ஸ்லிபின்ஸ்கி, இந்த ஆறு பிரிவும் உறவுமுறைக்கு ஒத்துவரவில்லை, இரண்டே போதும் என்றார். ஒரு பக்கம் மைக்ரோவைசினே என்ற பொடி வண்டுகள், மறுபக்கம் மீதி எல்லாம். அதற்கப்புறம் மரபணுவை வைத்துப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் மாற்றினார்கள். இதனால்தான் கிரிப்டோலேமஸை ஒரு நூலில் ஸ்கிம்னினி என்ற உட்பிரிவிலும் இன்னொன்றில் காக்சிடுலினி என்ற உட்பிரிவிலும் போட்டிருப்பார்கள், வண்டு மாறவில்லை, அடுக்குதான் மாறியிருக்கிறது. மாதுளை, எலுமிச்சைக்காரர்களுக்குத் தெரிந்த ரோடோலியா என்ற பொறிவண்டுகூட 2020இல் நோவியஸ் என்ற பேரினத்துக்குள் போய்விட்டது. 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றிய அதே வண்டுதான், உயிரியல் கட்டுப்பாடு என்ற துறைக்கே உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தது.

இன்னும் மேலே போனால் சுவாரசியம் கூடும். பொறிவண்டுகளை முன்பு குக்குஜாய்டியா என்ற பெரிய கூட்டத்துக்குள், மரப்பட்டைக்கு அடியில் வாழும் தட்டை வண்டுகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2015இல் மரபணு ஆதாரத்தோடு காக்சினெல்லாய்டியா என்று தனிப் பெருங்குடும்பமாகப் பிரித்து 15 குடும்பங்களை அதில் சேர்த்தார்கள். அந்தப் பங்காளிகளில் பலபேர் பூஞ்சணம் தின்கிறவர்கள், மட்கிய மரம், ஈரச் சருகு, பழைய தானியத்தில் பிடிக்கிற பூசணம் என்று அங்கேயே காலம் தள்ளுகிறவர்கள். அப்படியானால் பொறிவண்டின் முன்னோரும் பூஞ்சணம் மேய்ந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து மாவுப்பூச்சிக்கு எப்படி வந்தார்கள்? செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் இனிப்பாகக் கழிக்கும், அதன் மேல் கரும்பூசணம் படரும், நம் கொய்யா இலையில் தினம் பார்க்கிறதுதானே. பூசணத்தை மேய வந்தவர்கள் பக்கத்தில் நகராமல் உட்கார்ந்திருக்கும் பூச்சியையும் தின்னப் பழகியிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. எப்படியோ, குடும்பத்தின் மிகப் பழைய தொழில் செதில் பூச்சி, மாவுப்பூச்சி தின்பதுதான் என்று உறவு மரம் காட்டுகிறது, அசுவினிக்குப் போனது பிந்தி. இலை தின்னப் போனதும் அப்படித்தான். அசுவினிக் கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு கிளை திரும்பப் பூஞ்சணத்துக்கே போய்விட்டது, நம் மஞ்சள் இல்லெய்ஸ் அந்தக் கிளை. 2021இல் சீன ஆய்வாளர்கள் இன்னொன்று கண்டுபிடித்தார்கள்: பாக்டீரியாவின் செல் சுவரை உடைக்கிற மரபணுவைப் பொறிவண்டின் முன்னோர் ஏதோ ஒரு பாக்டீரியாவிடமிருந்தே பெற்றிருக்கிறார்கள், அது குடலில் கிருமியை அடக்கப் பயன்பட்டு, புது இரைக்கு மாற உதவியிருக்கலாம் என்கிறார்கள். பிரான்சில் வாஸ் பகுதியில் கிடைத்த, 5 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட அம்பருக்குள்ளேயே, அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினுக்குள்ளேயே, இன்றைய வண்டை ஒத்த பொடிப் பொறிவண்டுகள் இருக்கின்றன.

ஆக, டப்பாவில் வருகிற வண்டு குடும்பத்தின் பழைய தொழிலை விடாமல் செய்கிற ஆள். அதை அசுவினிக்கு விட்டால் பசிக்கு நாலு தின்னும், அதோடு சரி. வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் விட்டால் பறந்து போய்விடும். இது என் முதல் குறை.

தோட்டத்தில் எப்படி வேலை செய்தது என்பதற்கு வருகிறேன். மல்பெரியில் துக்ரா உண்டாக்குவது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி, அதன் எச்சிலால் கொழுந்து தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருங்கி, தண்டு தட்டையாக வளைந்துவிடும். கவாத்து செய்து துளிர் வந்த பிறகு, ரொம்பச் சுருண்ட நுனிகளை மட்டும் கிள்ளி எரித்துவிட்டு, மீதியில் சாயங்காலம் வண்டை விட்டேன். வெயிலில் திறந்தால் எல்லாம் மேலே பறக்கும், அதனால் சாயங்காலம். ஒரே இடத்தில் கொட்டாமல் வரிசைக்கு வரிசை சுருண்ட கொழுந்துகளில் தட்டிவிட்டேன். முதல் வாரம் ஒன்றும் தெரியாது, வண்டே கண்ணில் படாது, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். பொறுக்க வேண்டும். வண்டு மாவுப்பூச்சியின் முட்டைப் பஞ்சுக்குள்ளேயே தன் முட்டையை வைக்கிறது, நாலைந்து நாளில் புழு வெளிவரும், வேலையைப் பெரும்பாலும் செய்வது அந்தப் புழுதான்.

இங்கேதான் நோட்டீஸ் மன்னிக்க முடியாத தப்பு செய்கிறது. கிரிப்டோலேமஸ் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலாகத் தொங்க, பார்ப்பதற்கு அப்படியே பெரிய மாவுப்பூச்சி மாதிரி இருக்கும். நோட்டீஸில் புழுவின் படம் கிடையாது, ஒரு வரிகூடக் கிடையாது. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "டேய், பூச்சி முன்னவிட பெருசாயிடுச்சுடா, மொதல்ல மருந்தடி" என்று ஸ்பிரேயரைத் தோளில் மாட்டாத குறை. விரலால் தொட்டுக் காட்டினேன். மாவுப்பூச்சி அசைவதே தெரியாது, வண்டுப் புழு விறுவிறுவென்று ஓடும், மெழுகைத் தள்ளிப் பார்த்தால் கீழே ஆறு கால் தெளிவாகத் தெரியும். இதைச் சொல்லாமல் வண்டு விற்பது, வாங்கியவர் கையாலேயே அதைக் கொல்லச் சொல்வதற்குச் சமம். "வண்டு விட்டோம், பூச்சி இரண்டு மடங்கு ஆச்சு" என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் கதை இதுதான் என்பது என் சந்தேகம்.

எறும்பைப் பற்றியும் நோட்டீஸில் பேச்சே இல்லை. மாவுப்பூச்சியின் இனிப்புக்காக எறும்பு காவல் நிற்கும், வண்டையும் புழுவையும் விரட்டும். எறும்பு ஏறுகிற வரப்போர வரிசைகளில் வண்டு சரியாகப் பிடிக்கவில்லை, உள்வரிசைகளில் நன்றாகப் பிடித்தது. அந்தக் கிராப் முடிவதற்குள் உள்வரிசைகளில் புதுக் கொழுந்து நேராக வந்துவிட்டது, தருமபுரி கூடு மார்க்கெட்டுக்குப் போன கூட்டிலும் குறை வரவில்லை. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதற்கு எறும்புப் புற்றைக் கவனித்துவிட்டு மறுபடி விட வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர் அதிகம், அங்கே மார்கழி, தையில் விட்டால் மெதுவாகத்தான் பெருகும், அவர்கள் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

வேறு பயிருக்குக் கேட்கிறவர்களுக்கு: கொய்யாவிலோ மாமரத்திலோ மாவுப்பூச்சி இருந்தால் வேளாண் பல்கலைக்கழகமே மரத்துக்கு 10 வண்டு என்று சொல்கிறது, தாராளமாக விடலாம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 2020இல் திருச்சூரில் முதலில் தெரிந்து நம் பக்கமும் வந்த, கள்ளிப்பூச்சி என்று சொல்கிற அந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கு வேலை செய்கிறது அனகைரஸ் லோபெசி என்ற பொடிக் குளவி, பெனின் நாட்டிலிருந்து பெங்களூரில் இருக்கும் வேளாண் பூச்சிகளுக்கான மத்திய நிறுவனமான என்.பி.ஏ.ஐ.ஆர். கொண்டுவந்து, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். ஆப்பிரிக்காவிலும் அதே பூச்சிக்குப் பொறிவண்டுகளை விட்டுப் பார்த்தார்கள், ஆனால் வேலையை முடித்தது அந்தக் குளவிதான். ஓசூர்த் தம்பி குச்சிக்கிழங்குக்கும் இதே டப்பாவைத்தான் தருகிறார். எல்லாப் பொறிவண்டும் ஒன்று என்று நினைக்கிறவருக்கு எல்லா மாவுப்பூச்சியும் ஒன்றாகத்தானே தெரியும்.

மார்க் போடச் சொன்னால், வண்டின் தரத்துக்கு ஐந்துக்கு நாலரை, பேக்கிங்குக்கு நாலு, போனில் பேசுகிற மரியாதைக்கு ஐந்து, நோட்டீஸுக்குச் சுழியம். அதை அந்தத் தம்பியிடமே சொன்னேன், புழுவின் படம் ஒன்றை அனுப்பி அதைப் போடச் சொன்னேன், "ஓனர்கிட்ட சொல்றேன் அண்ணா" என்றார். வாங்குகிறவர்கள் சனிக்கிழமை பார்சல் போடச் சொல்லாதீர்கள், ஞாயிறு முழுக்க பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீசில் கிடந்து வெந்துவிடும். திங்கள் அல்லது செவ்வாய் சாயங்கால வண்டியில் போடச் சொல்லி, இரவே எடுத்து நிழலில் வைத்து, மறுநாள் சாயங்காலம் விடுங்கள்.